சார்ஜென்ட் ஊற்றிய ஊதா ஆயில்

எண் பெரிதாக இருந்தால் சரக்கும் உசத்தி என்று நினைக்கிற ஆண்களுக்குப் பதில் சொல்லியே நோரீன் லாக்ளேரின் ஆயுளில் பாதி போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமையும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஆர்லன் நின்றுகொண்டிருந்தார். பால் பண்ணைக்காரர். பூட்ஸில் சாணம் காய்வதற்குள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வந்துவிடுகிறவர். ஒரு கையில் டாட் 4 பிரேக் ஆயில், மறு கையில் டாட் 5.

“ஏம்மா நோரீன், நாலை விட அஞ்சு ஒசத்திதானே?”

“உங்க பூட்ஸ் என்ன சைஸ், ஆர்லன்?”

“பதினொண்ணு.”

“பன்னெண்டு ஒசத்தியாச்சே. ஏன் வாங்கல?”

ஆர்லன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நோரீன் அவர் கையிலிருந்து டாட் 5ஐப் பிடுங்கி அலமாரியில் வைத்தாள்.

“வீட்டுக்குப் போய் பானெட்டைத் தொறந்து, ஆயில் டப்பா மூடியைப் பாருங்க. மூடி மேலேயே போட்டிருக்கும். மூணுன்னா மூணு. அதுக்கு நாலு ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாது. அஞ்சு மட்டும் கூடாது. அது சிலிக்கான், மத்ததோட சேரவே சேராது.”

“அப்ப அஞ்சு புள்ளி ஒண்ணுன்னு ஒண்ணு வெச்சிருக்கியே?”

“அது மூணோடயும் சேரும், நாலோடயும் சேரும்.”

“அஞ்சு சேராது, அஞ்சு புள்ளி ஒண்ணு சேரும். இதுக்குப் பேரு வெச்சவன் எவம்மா?”

“அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்.”

கடைக்கு வந்த புதிதில் அவளை இவ்வளவுகூடப் பேச விட மாட்டார்கள். “உள்ள ஆம்பளை யாராவது இருக்காங்களா?” என்று முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். கொஞ்ச நாள் சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய் ஒரு வழி கண்டுபிடித்தாள். “இருங்க, கேட்டுட்டு வரேன்” என்று பின்னறைக்குப் போவாள். அங்கே ஃபேன் பெல்ட்டும் ஃபில்டரும் தவிர ஒரு ஈ காக்காய் கிடையாது. ஆறிப்போன காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, “அவரும் அதையேதான் சொல்றாரு” என்பாள். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். உள்ளே இருக்கிறவருக்குக் கொடுக்கச் சொல்லி ஒருவர் கிறிஸ்துமஸுக்கு ஒரு குடுவை மேப்பிள் பாகுகூடத் தந்தார். நோரீன் கூச்சமே படாமல் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பத்தில் ஊற்றிச் சாப்பிட்டாள்.

இப்போது அந்த உள்ளே இருக்கிறவர் தேவையில்லை. நியூயார்க் மாநிலத்தின் இந்த வடகோடியில், பட்டாள முகாமிலிருந்து கனடா எல்லை வரைக்கும், வண்டி வைத்திருக்கிறவர்கள் அவள் சொன்னால் கேட்கிறார்கள். கேட்காத ஒரே ஆள் அவள் வீட்டிலேயே இருந்தான்.

வெண்டல் லாக்ளேர், அவள் புருஷன். பட்டாளத்தில் வண்டிக் கொட்டகை சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அவனைக் கட்டிக்கொண்டு நோரீன் கான்சாஸ், ஜெர்மனி, டெக்சாஸ் என்று மூட்டையைக் கட்டி அவிழ்த்தே ஓய்ந்திருந்தாள். கடைசி மாற்றல் அவள் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்தபோது, இனி என்னை யாரும் கிளப்ப முடியாது என்று சொல்லிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வெண்டல் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பனி விழுந்தால் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்து வாரிவிடுவான். ஆனால் ஒரு சமாச்சாரத்தைப் பட்டாளத்தில் கற்றுக்கொண்டான் என்றால், அதற்கு மேல் கடவுளே வந்து சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பட்டாளத்தில் செய்தபடிதான் செய்வான்.

பிரேக் ஆயில் அப்படிப்பட்ட ஒரு சமாச்சாரம். அவன் இளவட்டமாகச் சேர்ந்த காலத்தில் பட்டாளம் தன் லாரி, ஜீப் அத்தனையையும் சிலிக்கான் ஆயிலுக்கு மாற்றியது. கான்சாஸில் ஒரு குளிர்காலம் முழுக்க வெண்டலுக்கு அதுதான் வேலை. பழைய ஆயிலை வடி, குழாயைக் கழுவு, ஊதா நிற ஆயிலை ஊற்று, குழாயில் சிக்கிய காற்றை எடு, அடுத்த வண்டி. காரணமும் நல்ல காரணம்தான். பட்டாள லாரி வருஷக்கணக்கில் கொட்டகையில் சும்மா நிற்கும். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளே துருப்பிடிக்க வைக்கும். சிலிக்கான் ஈரத்தைத் தொடாது. இதையெல்லாம் நோரீன் ஒருநாளும் மறுத்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் அவன் ஏலத்தில் எடுத்து நிறுத்தியிருக்கும் பட்டாள லாரியில் அவன் எதை ஊற்றினால் அவளுக்கென்ன?

ஆர்லன் ஒருவழியாக டாட் 3 பாட்டிலோடு கிளம்பிப் போன பிறகு, மகள் கொரின் கடைக்கு வந்தாள். மறுநாள் காலை அவள் வெர்மான்டுக்குப் புறப்படுகிறாள். அங்கே கால்நடை ஆஸ்பத்திரி ஒன்றில் முதல் வேலை. மலைச்சாலை முழுக்க உப்பும் சேறும் கலந்து கண்ணாடியில் அடிக்கிற ஏப்ரல் மாதம் என்பதால், கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீர் இரண்டு கேன் வேண்டும் என்றாள்.

“நீ ஊத்தினா பாதி கீழே போகும், குடு” என்று நோரீன் தானே வெளியே வந்து மகளின் காரில் பானெட்டைத் தூக்கினாள். கேனைச் சரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிரேக் ஆயில் டப்பாவுக்குள் தேன் நிறத்தில் இருக்க வேண்டியது, திராட்சை ஜூஸ் மாதிரி ஊதாவாக இருந்தது.

“கொரின், இதுல யாரு கை வெச்சது?”

“அப்பாதான். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எனக்குப் பரிசாம். பிரேக்கைப் புதுசா ஆக்கித் தரேன்னு போன வாரம் பூரா கராஜ்லயே கெடந்தாரு.”

“பெடல் எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் கொரின். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. நோரீனுக்கு இருந்த கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை என்றால் அந்த ஊரில் தீயணைப்புக் கொட்டகையில் ஊரே கூடிச் சாப்பிடுகிற வறுத்த மீன் விருந்து. பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோரும் கொரினை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். அங்கே வைத்துச் சண்டை போட வேண்டாம் என்று நோரீன் மீனோடு சேர்த்து வார்த்தையையும் விழுங்கினாள். வீட்டுக்கு வந்து, வெண்டல் கராஜ் விளக்கைப் போட்டு எதையோ துடைக்க ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அவ வண்டியில சிலிக்கானை ஊத்தியிருக்க.”

“ஆமா. இனிமே அவ பிரேக் பக்கமே போக வேண்டியதில்ல. நம்ம லாரியைப் பாரு, பதினோரு வருஷமா தொடவே இல்ல.”

“அந்த லாரி வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்வலத்துல, பேண்டுக்காரங்க பின்னாடி நடந்து போகுது, வெண்டல். அதை நிறுத்த பிரேக்கே வேணாம். ரெண்டு பேரு கையால புடிச்சாப் போதும்.”

“பழைய ஆயிலைச் சுத்தமா கழுவி எடுத்துட்டுத்தான் ஊத்தினேன். எனக்குத் தெரியாதா சேராதுன்னு? நான் எத்தனை லாரிக்குப் பண்ணியிருக்கேன்.”

“அந்த லாரியில ஏபிஎஸ் இருந்துச்சா?”

“எங்க காலத்துல ஏது?”

“இவ வண்டியில இருக்கு. சறுக்கும்போது சக்கரம் பூட்டிக்காம இருக்க அது ஆயிலை நொடிக்கு நொடி அடிச்சு அடிச்சு விடும். உன் ஊதா ஆயில் நுரைச்சுப் போகும். நுரையை அழுத்தினா வண்டி நிக்குமா? மூலை முடுக்குல பழைய ஆயில் தங்கியிருந்தா அதுவும் சேராம தனியா நிக்கும்.”

வெண்டல் துணியை மடித்து வைத்தான். யோசிக்கிறான் என்று நோரீன் ஒரு கணம் நம்பினாள்.

“அப்படின்னா ஏபிஎஸ் ஃபியூஸைப் புடுங்கிட்டாப் போச்சு” என்றான்.

நோரீனுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊரில் உள்ள பால்காரன், மரவெட்டி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் புரிய வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மகளின் வண்டியில் ஃபியூஸைப் பிடுங்குகிறேன் என்று ஒரு மனிதன் சாந்தமாக நிற்கிறான். கத்தினால்கூடத் திருப்பிக் கத்தலாம். அவன் கத்தவும் மாட்டான்.

“நான் சொல்றதை நம்ப வேணாம். உன் ஆளு எவனையாவது கேளு. லூதரைக் கேளு.”

லூதர் டெக்சாஸில் இருக்கிறவன். கான்சாஸ் கொட்டகையில் வெண்டலுக்குப் பக்கத்து லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்தவன். வெண்டல் போனைப் போட்டு, நோரீனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

“மக வண்டியிலயா?” என்றது லூதரின் குரல். “ஏண்டா, நான் என் லாரிக்கு அதான் ஊத்தறேன். ஆனா என் பொண்டாட்டி வண்டியில மூடியில போட்டிருக்கறதைத் தவிர வேற எதையும் ஊத்த மாட்டேன். எனக்கு உசுரு மேல ஆசை இருக்கு.”

வெண்டல் இரண்டு வார்த்தை நலம் விசாரித்துப் போனை வைத்தான்.

“பாவம், அவனுக்கு வயசாயிடுச்சு” என்றான்.

நோரீன் கராஜை விட்டு வெளியே வந்தாள். கொரினிடம் போய், இந்த வண்டியில் போகக் கூடாது என்று மட்டும் சொன்னாள். கொரின் பெட்டிக்குள் துணியை அடுக்கிக்கொண்டே, “அம்மா, அப்பா மூணு தடவை செக் பண்ணிட்டாரு, விடேன்” என்றாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான், அப்பா பக்கம். அதுவும் நோரீனுக்குப் பழக்கப்பட்ட எரிச்சல்தான். ஆனால் இந்த முறை அது வெறும் எரிச்சலாக இல்லை. வெர்மான்டுக்குப் போகிற வழியில் கீன் மலை இறக்கத்தைத் தாண்டியாக வேண்டும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், மைல் கணக்கில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்க வேண்டும். அந்தச் சாலையில் அந்தப் பெடல் கீழே போவதை நினைத்துக்கொண்டே, கொரினுக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று அலாரத்தைச் சீக்கிரம் வைத்தாள்.

காலையில் காரின் பின்சீட்டு கூரை வரைக்கும் நிரம்பியிருந்தது. வெண்டல் துணி எடுத்து முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்ஜின் சூடாகட்டும் என்று அவனே கிளப்பி விட்டிருந்தான். கொரின் காப்பிக் குடுவையோடு வெளியே வந்தபோது டிரைவர் சீட்டில் நோரீன் உட்கார்ந்திருந்தாள். சீட் பெல்ட்டும் போட்டிருந்தாள்.

“அம்மா, இறங்கு.”

“மாட்டேன்.”

“நோரீன், எதிர் வீட்டுல பாக்கறாங்க” என்றான் வெண்டல்.

“பாக்கட்டும். நாற்காலி போட்டு உக்காந்து பாக்கட்டும். கல்யாணம் ஆன நாளிலேருந்து நான் உன்னைக் கேட்டது எதுவும் பெருசில்ல, வெண்டல். இப்ப ஒண்ணு கேக்கறேன். இங்க வந்து உக்காந்து இந்தப் பெடலை ஒரு தடவை மிதி.”

“மிதிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். மூணு தடவை காத்து எடுத்தேன்.”

“அது அன்னைக்கு. இன்னைக்கு மிதி.”

“எதுக்கு? நீ சொல்லிட்டேங்கறதுக்காகவா?”

“ஆமா, நான் சொல்லிட்டேங்கறதுக்காக. ஊரே நான் சொன்னாக் கேக்குது.”

வெண்டல் கைகளைக் கட்டிக்கொண்டான். அது முடிவு. அவன் கையைக் கட்டினால் அவிழ்க்க ஆளில்லை. நோரீன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமானால் சாயங்காலம் வரைக்கும் இப்படியே உட்கார்ந்திருப்பேன், கடைக்கு லீவு சொல்லிவிடுவேன், என்னை சீட்டோடு சேர்த்துத்தான் கழற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கொரின் காப்பிக் குடுவையைக் காரின் கூரை மேல் வைத்தாள்.

“அப்பா, பெடல் இறங்குது.”

வெண்டல் அவள் பக்கம் திரும்பினான்.

“செவ்வாய்க்கிழமையே இறங்க ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு மூணு தடவை மிதிச்சாத்தான் புடிக்குது. நேத்து கடைக்குப் போறப்ப சிக்னல்ல கோட்டைத் தாண்டித்தான் நின்னேன்.”

வெண்டலின் கட்டிய கை அப்படியே இருந்தது. முகம் மட்டும் மாறியது.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க பாட்டுப் பாடிக்கிட்டே வேலை செஞ்சீங்கப்பா. ரிட்டையர் ஆனதுக்கப்புறம் நீங்க பாடி நான் கேட்டதே இல்ல. தெனம் ராத்திரி சாப்பிடறப்ப பிரேக் எப்படிம்மா இருக்குன்னு கேட்டீங்க. அந்த முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது? கியரைக் கொறைச்சு மெதுவா இறங்கிடலாம்னு நெனைச்சேன். அங்க போனதும் வேற மெக்கானிக்கிட்ட காட்டிக்கலாம்னு.”

“கீன் இறக்கத்துலயா? கியரைக் கொறைச்சா?” என்றான் வெண்டல்.

அவன் வந்து கார்க் கதவைத் திறந்தான். நோரீன் பெல்ட்டை அவிழ்த்து இறங்கி வழி விட்டாள். அவன் உட்கார்ந்து பெடலை ஒருமுறை மிதித்தான். அது முனகாமல் தரை வரை போனது. எடுத்து மறுபடி மிதித்தான். பாதியில் நின்றது. மூன்றாவது முறை மிதிக்கவில்லை. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் போட்டான். பிறகு பானெட்டைத் தூக்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஆயில் டப்பா மூடியில் அச்சடித்திருந்ததை விரலால் தடவி வாய்விட்டுப் படித்தான். “பிரிக்காத பாட்டிலிலிருந்து டாட் 3 மட்டும்.”

“மட்டும்னு போட்டிருக்கு” என்று நோரீனைப் பார்த்துச் சொன்னான், ஏதோ அவளுக்குத் தெரியாத மாதிரி.

“போட்டிருக்கு.”

“வடிச்சுட்டு இதை ஊத்தினாப் போதுமா?”

“போதாது. பம்பு, ஹோஸ், ரப்பர் எல்லாத்தையும் பாக்கணும். இழுத்துட்டுப் போகச் சொல்லி ஒர்க்‌ஷாப்புக்குப் போன் பண்றேன். அவ என் வண்டியை எடுத்துட்டுப் போகட்டும்.”

“சரி” என்றான் வெண்டல். “நீ சொல்றபடி பண்ணலாம்.”

இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. கேட்கும் நாளில் சந்தோஷம் பொங்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் பொங்கவில்லை. அவளுக்கு இப்போது மகள் மேல்தான் ஆத்திரம் வந்தது. பெட்டிகளைத் தன் வண்டிக்கு மாற்றுகிற சாக்கில் கொரினைக் கையைப் பிடித்து வாசல் படிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனாள்.

“உனக்கு மூளை இருக்கா? அப்பா மனசு நோகக் கூடாதுன்னு மலையிலேருந்து உருளுவியா? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு?”

“நீ மட்டும் சொல்றியா?” என்றாள் கொரின். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது, கோபமும் வந்திருந்தது. “போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அப்பா இந்த வாசல் படியைப் புதுசாப் போட்டாரு. அதுல ஒண்ணு ஆடுது. நீ அதுல கால் வெச்சு நான் பாத்ததே இல்ல. கையில மளிகை மூட்டையோட தாண்டித் தாண்டி ஏறுற. விருந்தாளி வந்தா, ஓரமா வாங்கன்னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போற. அவரு கராஜ் வழியாவே போய் வர்ற ஆளு. அவருகிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கியா? நான் இந்த வீட்டுலதானே வளர்ந்தேன்?”

நோரீன் அந்தப் படியைப் பார்த்தாள். ஊர் முழுக்க வாய் கிழியப் பேசுகிறவள், இந்த ஒன்றை மட்டும் சொன்னதில்லை. இந்தப் படியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பத்தில் பலமுறை நினைத்தாள். அவன் அன்று அதைப் போட்டு முடித்துவிட்டு, முட்டி வலியோடு மேல்படியில் உட்கார்ந்து ஐஸ் டீ குடித்துக்கொண்டிருந்த முகம் நினைவுக்கு வரும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவாள். விட்டு விட்டுக் காலே அதைத் தாண்டப் பழகிவிட்டது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வெண்டல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

“எந்தப் படி?” என்றான்.

கொரின் அம்மாவைப் பார்த்தாள். ஒன்றுமில்லை, சும்மா ஏதோ பேசிக்கொண்டிருந்தோம் என்று சொல்ல நாக்கு தானாகத் தயாராவது நோரீனுக்கே தெரிந்தது. அதை நிறுத்தினாள்.

“மூணாவது, வெண்டல். போட்ட அன்னையிலேருந்து ஆடுது.”

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். முதல் படியில் ஏறி, இரண்டாவதில் ஏறி, மூன்றாவதில் இரண்டு காலையும் வைத்து நின்றான். அது ஆடியது.